பாட்டிலுக்குள்ள மணலால படம் போட்ட ஆண்ட்ரூ கிளெமென்ஸ்: எங்க ஆளுங்க கேட்ட கேள்விகளும் என் பதிலும்

போன மாசம் அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல மெக்கிரெகர்னு ஒரு ஊருக்குப் போயிட்டு வந்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நாலு போட்டோ போட்டேன். கண்ணாடி பாட்டில், உள்ள கழுகு, கொடி, பூ, யாரோ ஒருத்தங்க பேரு, எல்லாமே மணல். போட்ட பத்தாவது நிமிஷம் ஆரம்பிச்சுது பாருங்க கேள்வி. கோட்டாறு சித்தி, சின்ன மாமா, பெங்களூர்ல இருக்குற அத்தான், ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்னு ஆளாளுக்கு ஒண்ணு, அதுல பாதி ஒரே கேள்விதான், ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம். அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன், இனிமே கேக்குறவங்களுக்கு இந்த லிங்க்தான் பதில்.

யாருங்க இந்த ஆளு?

ஆண்ட்ரூ கிளெமென்ஸ். 1857 ஜனவரி மாசம் அயோவாவுல டுபுக்னு ஒரு ஊர்ல பொறந்தார், வளர்ந்ததும் வாழ்ந்ததும் மெக்கிரெகர்ல. மிசிசிப்பி ஆத்தங்கரை ஊர் அது, அக்கரைல விஸ்கான்சின் மாநிலம். அஞ்சு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது சுத்தமா போச்சு, பேச்சும் கிட்டத்தட்ட போச்சு. 13 வயசுல கவுன்சில் பிளஃப்ஸ்ல இருக்குற காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பினாங்க. மேப்ல பாருங்க, மெக்கிரெகர் மாநிலத்தோட கிழக்கு ஓரம், கவுன்சில் பிளஃப்ஸ் மேற்கு ஓரம், நடுவுல மொத்த அயோவாவும் கிடக்கு. 13 வயசுப் பையன் அவ்வளவு தூரம் ஹாஸ்டலுக்குப் போயிட்டு, லீவுக்கு ஊர் வரும்போதெல்லாம் ஆத்தங்கரைப் பாறைல கலர் கலரா மணல் சேத்திருக்கான். அங்கதான் எல்லாம் ஆரம்பம். 1894 மே மாசம் செத்துப்போனார். 37 வயசுதான்.

அது பெயிண்டிங்தானே? பாட்டிலுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, ஏமாத்துறாங்க

(இது சின்ன மாமா. அவருக்கு எல்லாமே ஏமாத்து வேலைதான்.)

இல்ல மாமா, பெயிண்ட் கிடையாது. சாயம் கிடையாது. பசை கூட கிடையாது. பாட்டில் முழுக்க வெறும் மணல். கண்ணாடியை ஒட்டி வர்ற மணி மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரியும், அதுதான் படம். நடுவுல இருக்குறது சும்மா ரொப்புறதுக்கான மணல். பாட்டிலை உடைச்சா கழுகும் கொடியும் கலந்து ஒரு பிடி மண்ணா மேஜைல கொட்டிடும். அந்தக் காலத்துலயும் உங்கள மாதிரி நம்பாத ஆளுங்க இருந்திருக்காங்க. நான் கூட முதல்ல கிட்டப் போயி மூக்கு கண்ணாடில ஒட்டுற மாதிரி பாத்தேன். மணி மணியா தெரியுது. கோடு போட்ட இடத்துல பிரஷ் தடம் மாதிரி ஒண்ணுமே இல்ல, ஒரு நிறம் முடியுற இடத்துல அடுத்த நிறத்தோட முதல் மணி நிக்குது, அவ்வளவுதான்.

இவ்வளவு கலர் மணல் எங்கேர்ந்து வந்துது?

ஊருக்குத் தெக்க கொஞ்ச தூரத்துல 'பிக்சர்ட் ராக்ஸ்'னு சொல்ற பாறைச் சரிவு. இப்போ அது பைக்ஸ் பீக் ஸ்டேட் பார்க்குக்குள்ள இருக்கு. (கொலராடோல இருக்குற பெரிய பைக்ஸ் பீக் மலை இல்ல, ஆனா ரெண்டுக்கும் ஜெபுலான் பைக்குன்னு ஒரே ராணுவ அதிகாரி பேருதான்.) அங்க இருக்குற மணற்கல்லுக்கு செயின்ட் பீட்டர் மணற்கல்லுன்னு பேரு. 45 கோடி வருஷத்துக்கு மேல வயசு. அப்போ அங்க கடல், இது அந்தக் கடல் ஓரத்து மணல். கல்லுன்னு பேரு, ஆனா பல இடத்துல விரலால தேச்சாலே உதிரும், அவ்வளவு தொளதொளன்னு இருக்கும்.

இந்த மணல் கிட்டத்தட்ட சுத்த குவார்ட்ஸ் (படிகக்கல்லு), மணி எல்லாம் உருண்டையா ஒரே அளவா இருக்கும். சுத்தமா இருந்தா வெள்ளை வெளேர்னு சர்க்கரை மாதிரி. அப்புறம் கலர் எங்கேர்ந்துன்னா, இரும்பு. கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள ஓடின தண்ணி இரும்பைக் கரைச்சுக் கொண்டு வந்து ஒவ்வொரு மணி மேலயும் துரு மாதிரி மெல்லிசா பூசி விட்டிருக்கு. அந்த துருல நீர் சேந்திருந்தா மஞ்சள், பழுப்பு. நீர் இல்லாத இரும்பு ஆக்சைடுனா சிவப்பு. நம்ம ஊரு செங்கல் சூளைல நடக்குறது ஞாபகம் இருக்கா, மஞ்சளா மங்கலா உள்ள போற கல்லு சிவப்பா வெளிய வரும்ல, அதே கதைதான், சூடு ஏறி நீர் போனா இரும்பு சிவக்கும். இங்க ஒரே பாறைல ஒரு அடிக்குள்ள வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு, ரோஸ், காப்பித்தூள் கலர், சாம்பல்னு பட்டை பட்டையா ஓடும். சாண்ட் கேவ்னு ஒரு இடம் இருக்கு, அங்க போயி பாத்தா, பட்டுப் புடவை பார்டர எவனோ மலைல ஒட்டி விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும்.

கிளெமென்ஸ் இந்தக் கல்ல கொண்டு வந்து இடிச்சு, சலிச்சு, நிறம் நிறமா பிரிச்சு வச்சுக்குவார். எனக்கு என்னவோ பாட்டில விட இந்த வேலைதான் பெரிய வேலைன்னு தோணுது. மாவு சலிக்குறவங்களுக்குத் தெரியும், அளவு ஒண்ணா இல்லேன்னா எதுவுமே ஒழுங்கா வராது.

சரி, எப்படித்தான் உள்ள படம் வரைவார்?

இதைத்தான் எல்லாரும் கேட்டீங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

பாட்டில் வந்து அந்தக் கால மருந்துக்கடை பாட்டில். ஒரு பக்கம் கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி உருண்டையா மூடியிருக்கும், வாய் இன்னொரு பக்கம். கடைசியா காட்சிக்கு வைக்கும்போது உருண்டைப் பக்கம் மேல இருக்கணும், வாய் கீழ போயிடும். ஆனா மணல் போடணும்னா வாய் மேலதானே இருக்கணும்? அதனால வேலை முழுக்க பாட்டிலைக் கவுத்து வச்சுத்தான். அப்போ படமும் தலைகீழாத்தான் வரணும். வானம் முதல்ல, அப்புறம் கப்பலோட பாய்மரம், அப்புறம் கப்பல், அப்புறம் தண்ணி. எழுத்தும் தலைகீழா. ஒரு பேரை நேரா எழுதவே நமக்கு ரூல்டு நோட்டு தேவைப்படுது.

டூல்னு பாத்தா ஹிக்கரி மரக் குச்சி சிலது, வளைச்ச கம்பி, அதையும் அவரே செஞ்சுக்கிட்டதுதான். நுனில கொஞ்சமா மணல் எடுத்து கண்ணாடிப் பக்கமா இறக்கி, தேவையான இடத்துல தள்ளி, அமுக்கி, பக்கத்துல வேற நிறம், அதை அமுக்கி, பின்னாடி ரொப்பு மணல், மறுபடி அமுக்கி. ஒரு கோடு வளையணும்னா குச்சியால ஒரு சின்னக் குழி, அதுல வேற நிறம். தப்பு போச்சுன்னா அழிக்குற ரப்பர் எல்லாம் கிடையாது, மேல போட்ட அத்தனையும் எடுக்கணும், இல்லேன்னா தப்பையே பூவா மாத்திக்கணும் (மாத்தியிருப்பார்னு எனக்கு ஒரு சந்தேகம், சில பூ கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமான எடத்துல இருக்கு).

இன்னொண்ணு, இது ஒரு பக்கத்து வேலை இல்ல. இந்தப் பக்கம் கழுகும் கொடியும், பாட்டிலைத் திருப்பினா அந்தப் பக்கம் பூச்சாடி இல்ல நீராவிப் படகு, சுத்தி வர கட்டம் கட்டமா டிசைன். ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல சேந்து ஏறி வரணும், ஒரு பக்கத்தை முடிச்சுட்டு அடுத்த பக்கம் போக முடியாது, மணல் சரிஞ்சிடும். வீடு கட்டும்போது நாலு சுவரும் ஒண்ணா ஏறுமே அந்த மாதிரி. அப்போ கழுகோட ரெக்கையும் பின்பக்கத்துப் படகோட புகையும் ஒரே நாள்ல அவர் கைல இருந்திருக்கு.

ஒண்ணு செய்ய எவ்வளவு நாள் ஆகும்?

சின்னது, வெறும் டிசைன் மட்டும்னா சில நாள். நுணுக்கமானதுக்கு மாசக்கணக்கு.

ஆட்டினா கலையாதா? பசை இல்லாம எப்படி 130 வருஷம் நிக்குது?

அத்தான் கேட்டது, அவர் மெக்கானிக்கல் இன்ஜினியர், அவருக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், ஆனாலும் சொல்றேன்.

நம்ம பாட்டி படில அரிசி அளக்குறத பாத்திருப்பீங்க. தலை தட்டி அளந்த படிய தரைல ரெண்டு தட்டு தட்டினா அரிசி இறங்கும், இன்னும் ஒரு கைப்பிடி போடலாம். (வாங்கும்போது தட்டச் சொல்லுவா, குடுக்கும்போது தட்ட மாட்டா.) அந்த இறங்குறதுக்கு காரணம் மணிக்கு மணி இருக்குற காலி இடம். இனிமே தட்டினாலும் இறங்காதுங்குற நிலைக்கு அமுக்கிட்டா ஒரு மணியும் நகர முடியாது, ஒவ்வொண்ணையும் பக்கத்துல இருக்குற நாலஞ்சு மணி புடிச்சுக்கிட்டு நிக்கும். பஸ்ஸுல செம கூட்டத்துல நிக்கும்போது கம்பியே புடிக்க வேணாம், விழ முடியாது, அதே மாதிரி. கிளெமென்ஸ் கழுத்து வரைக்கும் இப்படி அமுக்கி ரொப்பி, அடைப்பான் வச்சு அதை இறுக்கமா மூடி மெழுகு வச்சுடுவார். உள்ள அரைக்கால் இஞ்ச் காலி இருந்தாக் கூட போச்சு, ஒவ்வொரு அதிர்வுக்கும் மேல இருக்குற மணி அந்த இடத்துக்கு நகர ஆரம்பிக்கும், அப்புறம் படம் உருகின ஐஸ்கிரீம் மாதிரி ஆயிடும்.

ஈரமும் இருக்கக் கூடாது. ஈர மணல் அப்போ நல்லா நிக்கும், காஞ்சப்புறம் சுருங்கி சந்து விழும்.

அப்புறம் என்னோட ஒரு கணக்கு, யாரும் எங்கயும் சொல்லி நான் படிக்கல. இவர் எடுத்த மணல் எல்லாமே ஒரே பாறையோட குவார்ட்ஸ். நிறம்தான் வேறயே தவிர எடை ஒண்ணு, உருண்டை ஒண்ணு. அதனால எந்த நிறமும் மத்ததை விட கீழ எறங்கப் பாக்காது. இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு நான் சொந்தமா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், கீழ சொல்றேன்.

கலர் மங்காதா?

துணிச் சாயம் வெயில்ல வெளுக்கும். இது இரும்புத் துரு, ஏற்கனவே எத்தனையோ கோடி வருஷம் பாத்தாச்சு. காவி அடிச்ச கோயில் சுவர் மழைல கரையுமே தவிர நிறம் மாறாது பாருங்க, அப்படி. இந்த பாட்டிலுக்கு இருக்குற ஒரே எதிரி கை தவறுறது.

அந்தக் கண்ணாடியும் மணல்தானே?

ஆபீஸ்ல ஒரு பொண்ணு கேட்டா, எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஆமா, கண்ணாடியே மணலை உருக்கித்தான். அதுலயும் இந்த செயின்ட் பீட்டர் மணற்கல்லு இல்லினாய் மாநிலத்துல ஒட்டாவாங்குற ஊர்ப் பக்கம் கண்ணாடி செய்யவே வெட்டி எடுக்குறாங்க. கண்ணாடிக்கு இரும்பு ஆகாது, இரும்பு இருந்தா பச்சையடிக்கும், அதனால அவங்களுக்கு வெள்ளை மணல்தான் வேணும். இவருக்கு வேண்டியது அவங்க ஒதுக்குற அழுக்கு மணல்.

காது கேக்காத ஒருத்தர் இவ்வளவு பண்ணியிருக்கார், நம்மள்லாம் என்ன பண்றோம்?

சித்தி, இந்த மாதிரி மெசேஜ் போட்டு நாலு கும்பிடு எமோஜி வேற போட்டிருந்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இப்படிப் பேசுறது அவ்வளவா புடிக்கல. அவர் யாருக்கும் பாடம் எடுக்க இதைப் பண்ணல, பொழப்புக்கு பண்ணினார். பள்ளிக்கூடத்துல படிச்சவர், எழுதத் தெரியும், ஆர்டர் எடுப்பார், காசு வாங்குவார். ஊர்ல ஒரு மளிகைக் கடைல வச்சு வித்தாங்க. பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்குன்னு பேரும் தேதியும் போட்டு கேப்பாங்க, செஞ்சு குடுப்பார். நம்ம ஊர்ல எவர்சில்வர் பாத்திரத்துல பேரு வெட்டிக் குடுப்பாங்களே, அன்பளிப்பு இன்னார்னு, அந்தக் கணக்குல ஒரு தொழில். காது கேக்காததாலதான் இவ்வளவு கவனம் வந்துச்சுன்னு சிலர் சொல்லுவாங்க. அப்படிப் பாத்தா அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்த அத்தனை பிள்ளைங்களும் பாட்டில்ல கழுகு போட்டிருக்கணும்ல.

அப்போ எவ்வளவுக்கு வித்தார், இப்போ என்ன விலை?

அப்போ ஒரு டாலர்ல ஆரம்பிச்சு சில டாலர் வரைக்கும். பேரு போட்டு ஸ்பெஷலா கேட்டா கூட. அன்னைக்கு ஒரு கூலியாளோட ஒரு நாள் சம்பளமே ஏறக்குறைய ஒரு டாலர், அதனால ரொம்ப மலிவுன்னும் சொல்ல முடியாது. ஆனா மாசக்கணக்குல ஒண்ணுக்கு உக்காந்தா கணக்கு எங்க கட்டும்னு எனக்குப் புரியல.

இப்போ: 2018ல ஒரு பாட்டில் ஏலத்துல 1,32,000 டாலர். 2021ல இன்னொண்ணு 9,56,000 டாலர். அன்னைக்கு ரேட்ல ஏழு கோடி ரூபா. குரூப்ல இதைச் சொன்னதும் சின்ன மாமா 'ஏமாத்து'ன்னு சொல்றத நிறுத்திட்டு 'அந்த மண்ணு கொஞ்சம் கிடைக்குமா'ன்னு கேட்டார்.

மொத்தமா நூத்துக்கணக்குல செஞ்சிருப்பார். மிஞ்சினது கொஞ்சம்தான், ஏன்னா கண்ணாடி, ஏன்னா வீட்ல குழந்தைங்க, ஏன்னா பேரப்பசங்க காலத்துல அது யாரோ தாத்தா வீட்டு பழைய பாட்டில்.

உலகத்துல வேற யாரும் இப்படி பண்றதில்லையா?

பண்றாங்களே. ஜோர்டான்ல பெட்ரா போனவங்க ஒட்டகம் போட்ட மணல் பாட்டில் வாங்கிட்டு வந்திருப்பீங்க, புனல் வச்சு ஊத்தி கம்பியால குத்தி ஒட்டகம் வரவைப்பாங்க, பாக்க செம வேகமா இருக்கும். பெட்ரா பாறையும் கலர் கலர் மணற்கல்லுதான், ஆனா இப்போ கடைல விக்குறதுல நிறைய சாயம் போட்ட மணல். பிரேசில்ல செயாரா மாநிலத்துக் கடலோரத்துலயும் பாட்டில்ல மணல் படம் போடுற வழக்கம் உண்டு, குடிசை, தென்னை, பாய்மரப் படகு. இங்கிலாந்துல வைட் தீவுல ஆலம் பே கடற்கரைப் பாறைலயும் பல நிறம், அதைக் கண்ணாடிக் குப்பில அடுக்கி டூரிஸ்டுகளுக்கு விப்பாங்க.

நவாஹோ பழங்குடி மக்களோட மணல் ஓவியம் வேற. அது வைத்தியச் சடங்கு. தரைல போட்டு, நோயாளிய அது மேல உக்கார வச்சு, சடங்கு முடிஞ்சதும் அழிச்சிடுவாங்க. நாகர்கோவில் பக்கம் இருக்குற நமக்கு இது ஒண்ணும் அதிசயமா தெரியாது, கேரளால களமெழுத்துன்னு அரிசி மாவு, மஞ்சப்பொடி, கரி, இலைப்பொடி வச்சு பகவதிய தரைல வரைஞ்சு பாட்டு முடிஞ்சதும் கலைச்சிடறாங்கல்ல. நம்ம வாசல் கோலமும் மத்தியானத்துக்குள்ள ஸ்கூட்டர் சக்கரத்துல போயிடும். பொடியால போடுறது கலையும்னு தெரிஞ்சேதான் போடுறோம். இவர் அந்தப் பொடியைக் கலையாம பூட்டி வச்சுட்டார், எனக்கு அந்த இடத்துலதான் மயிர்க்கூச்செரிஞ்சுது.

கன்னியாகுமரி மணல்ல இதைப் பண்ணலாமா?

வந்தாச்சா இந்தக் கேள்வி. பண்ணிப் பாத்தாச்சு.

தெரியாதவங்களுக்கு: கன்னியாகுமரி கோயில் பக்கம் கலர் மணல் பாக்கெட் விப்பாங்க, சங்கு மாலை கடைலயே கிடைக்கும். சின்ன வயசுல பாட்டி கதை சொல்லுவா, குமரி அம்மனுக்கும் சுசீந்திரத்து சாமிக்கும் கல்யாணம் முடிவாகி, நடுராத்திரி முகூர்த்தத்துக்கு சாமி வந்துட்டிருக்கும்போது சேவல் கூவுற சத்தம் கேட்டு விடிஞ்சிடுச்சுன்னு திரும்பிப் போயிட்டார், கல்யாணம் நின்னு போச்சு, சமைக்க வச்சிருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலா மாறிடுச்சு, அதான் கடற்கரைல இத்தனை நிறம்னு. பள்ளிக்கூடத்துல வேற கதை சொன்னாங்க, எல்லாம் தாதுன்னு: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சளா வர்றது மோனசைட். மணவாளக்குறிச்சி மணல் ஆலை எதுக்கு இருக்குன்னா இதுக்குத்தான்.

நான் காலேஜ் படிக்கும்போது (அப்போ கிளெமென்ஸ் யாருன்னே தெரியாது, ஜோர்டான் பாட்டில் ஒண்ணைப் பாத்துட்டு வந்த ஆசை) நாலு பாக்கெட் வாங்கி, காலி ஹார்லிக்ஸ் பாட்டில், குடைக்கம்பி, ஒரு ஈர்க்குச்சி, ஒரு நாள் முழுக்க உக்காந்து ஒரு தென்னைமரம், பின்னாடி சிவப்பு சூரியன், கீழ கறுப்பா கடல். நல்லாத்தான் வந்துச்சு. சித்தி வீட்டுல காட்டணும்னு வடசேரிலேர்ந்து கோட்டாறுக்கு ஸ்கூட்டர்ல கொண்டு போனேன். போயி டப்பாவ வெளிய எடுத்தா சூரியன் இல்ல, தென்னை இல்ல, ஒரு மாதிரி சாம்பார் பொடி கலர்ல ஏதோ இருந்துச்சு, கறுப்பு மட்டும் அடில போயி நல்லா படிஞ்சிருந்துச்சு. சித்தி அதைப் பாத்து 'நல்லாருக்கு மக்களே, என்னது இது'ன்னு கேட்டாங்க.

ரெண்டு தப்புன்னு இப்போ தெரியுது. மூடிக்குக் கீழ ஒரு விரல் அளவு காலி விட்டிருந்தேன். ரெண்டாவது, எடை: சாதா வெள்ளை மணல் தண்ணிய விட ரெண்டரை மடங்கு சொச்சம் கனம்னா கார்னெட் நாலு மடங்கு, இல்மனைட் நாலரைக்கும் மேல. நடுவுல கொஞ்சம் ஆட விட்டா கனமானது கீழ போகத்தான் செய்யும். நான் வேற சூரியனைக் கார்னெட்ல வச்சு, அதுக்குக் கீழ லேசான வெள்ளைய வச்சிருந்தேன். கிளெமென்ஸுக்கு இந்தத் தலைவலியே இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம், மோனசைட்ல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு உள்ளது. அதை வீட்டுல பிள்ளைங்க கைல குடுத்து விளையாட விடாதீங்க. கடற்கரைல சாக்கு போட்டு அள்ளலாம்னும் நினைக்காதீங்க, தனியார் தாதுமணல் எடுக்க தமிழ்நாட்டுல 2013லேர்ந்து தடை. ஆசையா இருந்தா தேரிக்காட்டுச் செம்மண், ஆத்து மணல், செங்கல்பொடின்னு ஒரே மாதிரி சலிச்சு வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. வாய் அகலமான பாட்டில் எடுங்க. முதல்ல கோடு மட்டும், தென்னைமரம் அப்புறம்.

நேர்ல பாக்கணும்னா எங்க போகணும்?

அயோவா தலைநகர் டி மாயின்ல ஸ்டேட் ஹிஸ்டாரிக்கல் மியூசியம் இருக்கு, அவங்ககிட்ட இவரோட பாட்டில்கள் இருக்கு. மெக்கிரெகர்லயே ஒரு சின்ன ஊர் மியூசியம், அங்கயும் உண்டு. எதுக்கும் திறந்திருக்கான்னு கேட்டுட்டு கிளம்புங்க, சின்ன ஊரு. சீடர் ரேப்பிட்ஸ்லேர்ந்து எனக்கு கார்ல ரெண்டு மணி நேரம் ஆச்சு. அந்த ஊருக்கு இன்னொரு பெருமை, சர்க்கஸ் நடத்தின ரிங்லிங் அண்ணன் தம்பிங்க 1860லேர்ந்து 1872 வரைக்கும் அங்கதான் இருந்தாங்க. கிளெமென்ஸ் வயசுப் பசங்க. அவங்க ஊரைக் கூட்டிக் கூடாரம் போட்டாங்க, இவர் பாட்டில்ல.

மியூசியம் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. பார்க்குக்குப் போயி அந்தப் பாறையையும் பாருங்க. நான் முதல்ல பாட்டில் பாத்தேன், அப்புறம் பாறை, வரிசை மாறிப் போச்சுன்னு வருத்தம். பாறைய முதல்ல பாத்திருந்தா, பாட்டில்ல இருக்குற அந்த ஆரஞ்சும் ரோஸும் எந்த வளைவுல இருந்து வந்திருக்கும்னு தேடியிருப்பேன்.

வரும்போது அந்த மண்ணு ஒரு கைப்பிடி கொண்டு வா

சித்தி, மாமா, ரெண்டு பேருக்கும் சேத்து: முடியாது. ஸ்டேட் பார்க், கல்லு மண்ணு எதையும் எடுக்கக் கூடாது. நான் எடுக்கல. ஷூ அடில ஒட்டினது மட்டும் வீடு வரைக்கும் வந்துச்சு, நல்ல மஞ்சளும் கொஞ்சம் சிவப்புமா. போட்டோ எடுக்கலாம்னு ஃபோனை எடுத்துட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்காரி அதை வாசல்லயே தட்டி, பெருக்கித் தள்ளிட்டா.